எக்ஸ்ரே அறைக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகி நாலு நாளாவதற்குள் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை வீதியோரம் எங்கும் பதாகைகள் முளைத்துவிடும். டை கட்டிய பிள்ளையின் படம், பெற்றோரின் பெயர், மாவட்டத்தில் எத்தனையாம் இடம், கீழே வாழ்த்துகிற ரியூசன் சென்டரின் தொலைபேசி இலக்கம். மருத்துவத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பெரிய பதாகை. பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்குக் கொஞ்சம் சின்னது. கதிர்ப்படவியல் படிக்கப் பேராதனைக்குப் போகிற பிள்ளைக்குப் பதாகை கட்டியதைக் கண்டவர்கள் அரிது. அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே, “மெடிசினுக்குக் கொஞ்சம் தவறிப்போச்சு” என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

“எக்ஸ்ரே எடுக்கிறதுக்கும் டிகிரியா?” என்று கேட்பவர்கள் இந்தக் கரையோரத்தில் இன்னும் இருக்கிறார்கள். பட்டனை அமுக்குகிற வேலைக்கு எதற்கு நாலு வருசம் என்பது அவர்களின் கணக்கு.

கோமாரியில் இருந்து பார்த்தால் அந்தக் கணக்கின் பிழை சீக்கிரம் புரியும். இலங்கையின் கிழக்கு எல்லைப் புள்ளியான சங்கமன்கண்டி இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தெற்கே போனால் பொத்துவில் ஆதார வைத்தியசாலை, வடக்கே போனால் திருக்கோவில் ஆதார வைத்தியசாலை. வள்ளம் தள்ளுகையில் காலில் அடிபட்டவர், மோட்டார் சைக்கிளில் ஏ4 வீதியில் விழுந்தவர், மரத்தில் இருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்ட சிறுவன், மூன்று வாரமாக இருமுகிற கிழவர் என எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் முதலில் போக வேண்டும். காயம் பெரிது என்றால் அக்கரைப்பற்று, கல்முனை, அம்பாறை, மட்டக்களப்பு என்று அம்புலன்ஸின் பாதை நீண்டுகொண்டே போகும். அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வந்து தோளைப் பிசகிக்கொள்ளும் வெள்ளைக்காரருக்கும் இதே வழிதான்.

இந்தப் பாதை எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது வைத்தியசாலையில் இயந்திரம் இருக்கிறதா என்பதல்ல, அன்றைக்கு அதை இயக்க ஆள் இருக்கிறாரா என்பதுதான். ரேடியோகிராபர் ஒருவர் மட்டுமே உள்ள இடத்தில் அவர் லீவு போட்டால் அறைக்குப் பூட்டு. உடைந்த காலுக்கு மட்டை கட்டி அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். வைத்தியசாலைக்குக் கட்டடம் கேட்டு, இயந்திரம் கேட்டு மகஜர் கொடுப்பதில் இந்தப் பகுதி மக்கள் சளைத்தவர்கள் அல்லர். கல்முனை என்ற ஒரே நகரில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்தது மற்றதற்கும் கிடைக்க வேண்டும் என்ற போட்டி ஊரறிந்த விசயம். அந்தப் போட்டியில் ஆளணி என்ற சொல் ஏனோ பின்வரிசையில்தான் நிற்கிறது. இயந்திரத்துக்கு நாடா வெட்டிப் படம் பிடிக்கலாம், ஆளணிக்கு அப்படிச் செய்ய முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? மிகச் சாதாரணமான வேலையான நெஞ்சு எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் பழகிய சங்கதி. வளைகுடா நாடுகளுக்கான ‘மெடிக்கல்’ சோதனையில் நெஞ்சுப் படம் கட்டாயம். பழைய காசநோய்த் தழும்பு ஒன்று தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ ஆகிவிடுமோ என்ற பயத்தில் பாஸ்போட்டும் கையுமாக இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அந்தப் படத்தை எடுக்கும்போது நோயாளியின் நெஞ்சு, படம் பதிகிற தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். இருதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் தட்டுக்குக் கிட்ட இருந்தால்தான் அதன் அளவு உண்மைக்கு நெருக்கமாகப் பதியும். குழாய்க்கும் தட்டுக்கும் இடையே சுமார் 180 சென்ரிமீற்றர் தூரம் விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கைகளை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னால் தள்ளச் சொல்வார்கள். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழாமல் விலகும். பிறகு மூச்சு. அரை மூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பாகம் நெருங்கிச் சுருங்கி, சளி கட்டியதுபோலத் தெரியும். நல்ல இருதயம் வீங்கிய இருதயமாகத் தோன்றும். இல்லாத நோயொன்றுக்கு ஒருவர் கிளினிக் கிளினிக்காக அலைவதற்கு இந்த அரை மூச்சு போதும்.

இங்கேதான் மொழி உள்ளே வருகிறது. “மூச்ச நல்லா இழுங்க மாமி… இன்னும்… இழுத்துப் புடிங்க… விட்ராதீங்க… ஆ, இப்ப விடுங்க.” கோமாரிக் கிழவிக்கும் மருதமுனை மூத்தம்மாவுக்கும் இது சட்டென்று விளங்கும். “ஹுஸ்ம கன்ன” என்று சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பியதும் படம் கெட்டுவிடும். தூர மாவட்டங்களில் இருந்து நியமனம் பெற்று வருகிற சிங்கள ரேடியோகிராபர்கள் தமிழை இங்கேயே கற்றுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் சேவைக்காலம் முடிந்ததும் தம் ஊருக்கு இடமாற்றம் கேட்பார்கள். அது அவர்களின் உரிமை. அவர்கள் போன பிறகு வெற்றிடம், விளம்பரம், காத்திருப்பு என்று பழைய கதை மறுபடி தொடங்கும்.

படம் கெடுவதற்கு மூச்சு மட்டும் காரணமல்ல. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, கழுத்தில் தொங்கும் இசுமுக் கூடு, தாலிக்கொடி, ஹிஜாப் ஊசி, அபாயாவின் நெஞ்சில் தைத்த உலோக மணி, பின்னலுக்குள் மறைந்திருக்கும் கிளிப் எல்லாமே படத்தில் வெள்ளை வெளேரென்று விழும். இவற்றைக் கழற்றச் சொல்வது எளிதான காரியமல்ல. தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிற அம்மாவிடம் அதைப் பின்னால் தள்ளிப் பிடிக்கலாமா, பக்கத்துக்கு நகர்த்தலாமா என்று யோசிக்க வேண்டும். அபாயாவுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள மறைவான கவுன் ஒன்றும், கதவை அடைத்துவிட்டு வெளியே நிற்கிற பண்பும் வேண்டும். வயிற்றுக்கோ இடுப்புக்கோ படம் எடுக்க வருகிற பெண்ணிடம், கர்ப்பமாக இருக்கக்கூடுமா, கடைசியாக எப்போது குளித்தீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்காமல் கதிர் பாய்ச்சக் கூடாது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அந்நிய ஆண் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் எத்தனை பெண்கள் உண்மையைச் சொல்வார்கள்? மார்பகப் பரிசோதனையான மமோகிராபியில் தொட்டு, நகர்த்தி, இரண்டு தட்டுகளுக்கு இடையே அழுத்தி வைத்துத்தான் படம் எடுக்க முடியும். அந்த அறையில் ஆண் இருக்கிறார் என்று தெரிந்தால் பரிசோதனையே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுகிற பெண்களை இந்த ஊர்களில் தேட வேண்டியதில்லை.

ஆகவே, சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் தம்பிலுவிலிலும் இருந்து பெண் ரேடியோகிராபர்கள் வர வேண்டும். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி, கார்மேல் பற்றிமா போன்ற பாடசாலைகளில் உயிரியல் பிரிவில் படிக்கிற பெண் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் அவர்களுக்கு இப்படி ஒரு வழி உண்டு என்று சொல்கிற வாய்க்குத்தான்.

பெற்றோர் முதலில் தடுப்பது கதிர்வீச்சின் பெயரால். எக்ஸ்ரே வேலைக்குப் போன பெண்ணுக்குப் பிள்ளை தங்காதாம், முடி கொட்டுமாம் என்பார்கள். இந்தப் பயம் வெறுங்கையில் பிறந்ததல்ல. 1895 நவம்பர் 8ஆம் திகதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தபோது அதன் தீங்கு ஒருவருக்கும் தெரியாது. தோமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை நீட்டியே சோதித்துப் பார்த்தார். கைகள் புண்ணாகி, வெட்டப்பட்டு, 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படிக் கதிரால் மாண்ட முன்னோடிகளுக்கு 1936இல் ஹம்பேர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பினார்கள்.

இன்றைய விதிகள் எல்லாம் அந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. சர்வதேசப் பரிந்துரையின்படி கதிரோடு வேலை செய்பவருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் மனிதர்கள் எல்லோரும் வாங்கிக்கொள்கிற இயற்கைக் கதிரின் உலகச் சராசரியே ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளிக்குக் கிடைப்பது 0.1ஐத் தாண்டாது. படம் எடுப்பவரோ ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதால் அந்தப் பங்கும் அவருக்கு வருவதில்லை. சட்டைப் பையில் குத்தியிருக்கும் சின்னப் பட்டையொன்று அவர் வாங்கிய கதிரைக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். கர்ப்பிணியான ஊழியர் என்றால், அதை அறிவித்த நாளிலிருந்து வயிற்றில் உள்ள குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் என்ற மிகக் கடுமையான வரம்பு. இலங்கையில் இதற்கென்றே 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டமும், அதன் கீழ் ஓர் ஒழுங்குறுத்தும் சபையும் இருக்கின்றன. விதியை மதிக்கிற ரேடியோகிராபருக்கு ஆபத்து மிகக் குறைவு. விதியைப் படிக்காமல் பட்டனை மட்டும் அமுக்கப் பழகியவரிடம் போகிற நோயாளிக்குத்தான் ஆபத்து. ஒரு முறை எடுக்க வேண்டிய படத்தை மூன்று முறை எடுத்தால் அந்த மூன்று பங்கும் நோயாளியின் உடம்புக்குத்தானே போகிறது?

அந்த விதிகளைக் கற்பிக்கிற இடமே பட்டப்படிப்பு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக அனுமதி பெறுகிறவர்களுக்குக் கதிர்ப்படவியல் என்றால் நீண்ட காலமாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம்தான். தாதியியல், மருந்தாளுமை, ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் ஆகியவற்றோடு இதுவும் அங்கே ஒரு துறை. நாலு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், கதிர்ப் பௌதிகம், கதிர் உயிரியல், நோயியல் என்று தொடங்கி சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், அணுமருத்துவம் வரை போகும். கண்டியிலும் பேராதனையிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகள் அவர்களின் பயிற்சிக்களம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் உண்டு. அது வேறு வாசல், வேறு செலவு. இவை தவிர, சுகாதார அமைச்சு கொழும்பில் நடத்துகிற பயிற்சிப் பாடசாலையில் டிப்ளோமா படித்து அரச சேவைக்குள் வருகிற பழைய பாதையும் இருக்கிறது. இன்று நாட்டின் எக்ஸ்ரே அறைகளை நடத்துகிறவர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பாதையால் வந்தவர்கள். கைப்பழக்கத்தில் அவர்களைக் குறைத்துப் பேச எவருக்கும் தகுதியில்லை.

பிறகு பட்டம் எதற்கு? உலகம் போகிற திசை அது. ஐக்கிய இராச்சியத்தில் ரேடியோகிராபர் என்ற பெயரே சட்டப் பாதுகாப்புள்ள பெயர். பதிவு இல்லாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே படத்தை எடுப்பதோடு நில்லாமல், மேற்படிப்பு முடித்து உடைவு முறிவுப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற ரேடியோகிராபர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் அறிக்கை எழுதுவது கதிரியக்க வைத்திய நிபுணரின் வேலை. ஆனால் நிபுணர் இல்லாத இரவில், அவசரப் பிரிவில் நிற்கிற இளம் வைத்தியருக்கு, “டொக்டர், இந்த மூலையில ஒரு கோடு தெரியுது, இன்னொரு பக்கத்தால எடுத்துப் பாப்பமா?” என்று சொல்லத் தெரிந்த ரேடியோகிராபர் எவ்வளவு பெரிய உதவி! படிப்பு ஆழமாக இருந்தால்தான் அந்தக் கோடு அவர் கண்ணில் படும்.

இந்தத் துறைக்கு வைத்தியர் அல்லாதவர்கள் செய்தது கொஞ்சமல்ல. ரோன்ட்கன் பௌதிகப் பேராசிரியர். சி.டி. இயந்திரத்தை உருவாக்கிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் பாட்டுத் தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர். 1971இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாக அதில் படம் எடுத்தார்கள், 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியை எப்படிக் கிடத்த வேண்டும், குழாயை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்று 1939இல் கேத்லீன் கிளார்க் எழுதிய நூல் திருத்தித் திருத்தி இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. கிளார்க் ஒரு ரேடியோகிராபர்.

உயிரியல் பிரிவு மாணவருக்கு இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை சொல்ல வேண்டும். தரம் 12இல் சேரும்போது பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கிறவர்கள் நிறையப் பேர். எடுக்கக் கூடாது என்றில்லை. ஆனால் அந்த ஒரு தெரிவோடு மருத்துவமும் கதிர்ப்படவியலும் சேர்ந்தே கைவிட்டுப் போகின்றன. ஒரு பிள்ளையின் பதினாறு வயதில், சேர்வுப் படிவம் நிரப்புகிற ஒரு காலைப்பொழுதில் இது நடந்துவிடுகிறது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

மறுபக்கம், மூன்று முறையும் எழுதித் தீர்ப்பவர்கள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை பரீட்சை எழுதலாம் என்பது விதி. முதல் முறையே பேராதனைக்குப் போகக்கூடிய இசட் புள்ளி இருந்தும், “இன்னொருக்கா எழுதினா மெடிசின் கெடைக்கும்” என்று வீட்டார் மறித்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை புள்ளி குறைகிறது, மூன்றாம் முறை மனம் உடைகிறது. அம்பாறை, கல்வியில் பின்தங்கியதாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 சதவீதம் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது பொது விதி. கதிர்ப்படவியல் போன்ற சிறிய கற்கைநெறியில் ஒரு மாவட்டத்துக்கு விழுகிற இடங்கள் விரலுக்குள் அடங்கிவிடும். அந்தச் சில இடங்களுக்கும் அம்பாறை நகரத்துச் சிங்களப் பிள்ளையும் கல்முனை முஸ்லிம் பிள்ளையும் கோமாரித் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த வரிசையில் கிடைக்கிற இடத்தை இரண்டாந்தரம் என்று உதறிவிட்டு மறுபடி ரியூசன் மேசைக்குத் திரும்புவதை வீறாப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

படிப்பை முடித்தவர்களின் பாடும் பூப்பாதையல்ல. நாலு வருடப் பட்டத்தை மூன்றாகச் சுருக்கும் யோசனைக்கு எதிராக 2010களின் தொடக்கத்தில் இணைந்த சுகாதாரப் பட்டப்படிப்பு மாணவர்கள் விரிவுரைகளை நீண்ட காலம் பகிஷ்கரித்தார்கள். பட்டதாரிகள் அரச நியமனத்துக்குக் காத்திருப்பதும், டிப்ளோமாக்காரருக்கும் பட்டதாரிக்கும் இடையே உரசல் எழுவதும் வழக்கம். 2022 நெருக்கடியின்போது எக்ஸ்ரே பிலிம் தட்டுப்பாடு பத்திரிகைச் செய்தியானது, சுகாதாரத் துறையில் இருந்து பலர் விமானம் ஏறினார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பிள்ளைகளை இந்தத் துறைக்கு அழைப்பது நேர்மையாகாது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லலாம். வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பிப் பழகிய ஊர்கள் இவை. சாரதியாகவும் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் அனுப்பிய ஊர்கள். சவூதியிலும் துபாயிலும் ரேடியோகிராபருக்குத் தனி உரிமப் பரீட்சை உண்டு. கையில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால் அந்தப் பரீட்சைக்கு வழி திறக்கிறது.

அங்கீகரிக்கப்பட்ட என்ற சொல்லை அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் எக்ஸ்ரே டிப்ளோமா, ஒரு வருடத்தில் ஸ்கேன் சான்றிதழ் என்று எவர் துண்டுப்பிரசுரம் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை முடித்தால் இலங்கை மருத்துவ சபையில் ரேடியோகிராபராகப் பதிய முடியுமா? பதிய முடியாது என்றால் கட்டிய காசு போனதுதான். இந்தியாவுக்குப் போய்ப் படிக்க நினைப்பவர்களுக்கும் இதே கேள்வி. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நீண்ட மரபு இருக்கிறது. சென்னை அரச பொது வைத்தியசாலையோடு சேர்ந்த பார்னார்ட் கதிரியக்க நிலையம் 1934இலேயே தொடங்கியது. அங்கே மொழியும் இடைஞ்சலில்லை. ஆனால் திரும்பி வந்து இங்கே வேலை செய்ய எண்ணினால், கல்லூரியைத் தெரிவு செய்வதற்கு முன்பே மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதுதான் புத்தி.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. கிழக்கு மாகாணத்தில் கதிர்ப்படவியல் பட்டப்படிப்பு தொடங்க வேண்டும். இடத்துக்கும் ஆளுக்கும் வழியில்லாமல் இல்லை. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. மருத்துவமும் தாதியியலும் அங்கே ஏற்கெனவே நடக்கின்றன, போதனா வைத்தியசாலையும் பக்கத்தில் இருக்கிறது. ஒலுவிலில் 1995இல் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. பௌதிகமும் உயிரியலும் கற்பிக்கிற துறைகள் அங்கே இருக்கின்றன. தென்கிழக்குக்கு மருத்துவ பீடம் வேண்டும் என்ற குரல் மேடைகளில் அடிக்கடி எழும். நல்ல ஆசைதான். ஆனால் மருத்துவ பீடத்துக்குப் பேராசிரியர் அலகுகள் கொண்ட பெரிய வைத்தியசாலை வேண்டும், பெரும் பணம் வேண்டும், பத்து வருடப் பொறுமை வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதை விட, இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சம்மாந்துறையில் பௌதிகமும் மட்டக்களப்பில் நோயாளிப் பயிற்சியுமாக ஒரு கற்கைநெறியை வகுப்பது எட்டக்கூடிய காரியம். எம்.ஆர்.ஐ., அணுமருத்துவம் போன்றவற்றுக்கு மாணவரைச் சில மாதம் கண்டிக்கு அனுப்பலாம். தடையாகப் போவது விரிவுரையாளர் பஞ்சம். பேராதனையில் படித்து முடித்த கிழக்குப் பிள்ளைகளுக்கு முதுமாணிப் படிப்புக்கு உதவி கொடுத்து இப்போதே ஆயத்தம் செய்தால்தான் ஐந்தாறு வருடத்தில் அந்தப் பஞ்சம் தீரும். முஸ்லிம் பல்கலைக்கழகம், தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று பிரித்துப் பார்க்கிற அரசியல் இந்த யோசனையை மூலையில் போட்டுவிடும் என்ற பயமும் நியாயமானதே.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தத் துறைக்கு எதிர்காலம் ஏது என்று கேட்பவர்களும் உண்டு. நரம்பணு வலையமைப்பு ஆராய்ச்சியின் பிதாமகர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், படம் வாசிக்கிற கதிரியக்க நிபுணர்களைப் பயிற்றுவதை இப்போதே நிறுத்துங்கள் என்று 2016இல் சொன்னார். வருடங்கள் கடந்தும் உலகமெங்கும் அந்த நிபுணர்களுக்குத் தட்டுப்பாடு தீரவில்லை. படம் வாசிப்பவரின் நிலையே இப்படி என்றால் படம் எடுப்பவரை யார் விரட்டப்போகிறார்கள்? இடுப்பு உடைந்து கதறுகிற எண்பது வயதுக்காரரைத் தட்டில் கிடத்தி, நோகாமல், அடிபட்ட காலைத் திருப்பாமல், “அசையாதீங்கப்பா, ஒரு நிமிசம்” என்று சொல்ல எந்த மென்பொருளும் இன்னும் பழகவில்லை.

கிழக்கில் அந்தப் பட்டப்படிப்பு வரும் வரை பாடசாலைகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரைக்கும் பிள்ளைகள் சில மாதம் வீட்டில் இருக்கிறார்கள். பௌதிகமா விவசாயமா என்ற தெரிவு வருவது அந்த மாதங்களின் முடிவில்தான். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயக் கல்வி அலுவலகங்களும் பேசி, ஒரு தடவைக்குப் பத்துப் பிள்ளைகளாக ஆதார வைத்தியசாலைகளின் எக்ஸ்ரே பிரிவுக்குள் அழைத்துப்போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அரை நாள் பார்க்க விடலாம். செலவு பஸ் காசுதான். பொத்துவில், திருக்கோவில் வைத்தியசாலைகளில் இருந்து தொடங்கினால் கோமாரிப் பிள்ளைகளுக்கு அந்தக் காசும் குறையும்.